பழைய மதர்போர்ட்டுகளிலிருந்து தங்கம் பிரித்தல்: வீட்டில் செய்யலாமா, விற்பதானால் எப்படி விற்பது?

ஹட்டன் திருத்துநர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ஹட்டன் நகரில் 14 ஆண்டுகளாகக் கைத்தொலைபேசிகளையும் கணினிகளையும் திருத்தும் சிறிய கடையொன்றை நடத்தி வருகின்றேன். திருத்த முடியாது என்று உரிமையாளர்கள் விட்டுச் சென்றவையும், பாகம் எடுப்பதற்காக நானே விலை கொடுத்து வாங்கியவையும் சேர்ந்து, கடையின் பின்னறையில் இப்போது 9 உரப்பைகள் நிறைந்திருக்கின்றன. அவற்றில் கைத்தொலைபேசி போர்ட்டுகள், கணினி மதர்போர்ட்டுகள், ரேம் அட்டைகள், பழைய செயலிகள், தொலைக்காட்சி போர்ட்டுகள், சார்ஜர்கள் எல்லாம் கலந்து கிடக்கின்றன. கொழும்பிலிருந்து லொறியில் வரும் வியாபாரி ஒருவர் எல்லாவற்றையும் ஒரே தராசில் வைத்து, கிலோவுக்கு ஒரே விலை பேசுகின்றார்.

என் அக்காவின் மகன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கின்றான். அமிலத்தில் போர்ட்டுகளைப் போட்டு, கடைசியில் மஞ்சள் உருண்டை ஒன்றை எடுத்துக் காட்டும் காணொளிகளைப் பார்த்துவிட்டு, நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்தில் உள்ள எங்கள் குடும்ப வீட்டின் பின்புறத்தில் இதைச் செய்து பார்ப்பதாகக் கூறி, அமிலமும் குடுவைகளும் வாங்க என்னிடம் பணம் கேட்டிருக்கின்றான். அவனை நான் இன்னும் மறுக்கவில்லை. ஏனென்றால் அவன் சொல்லும் ஒரு சொல் என் மனத்தில் தைத்துவிட்டது. தேயிலைக் கொழுந்தைக் கிலோவில் நிறுத்துக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு அது என்ன விலைக்குப் போகின்றது என்று அறியாமலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவிட்டோம், இதையும் அப்படியே கொடுத்துவிடப் போகின்றீர்களா என்று அவன் கேட்கின்றான்.

உண்மையில் இந்தப் பைகளில் எவ்வளவு தங்கம் இருக்கக்கூடும்? சிறிய அளவில் அதைப் பிரிக்க முடியுமா? முடியாதென்றால், ஏமாறாமல் விற்பதற்கு வழி என்ன? அனுபவமுள்ளவர்கள் விளக்கமாக எழுதினால் பேருதவியாக இருக்கும்.

பண்டாரவளை ஆசிரியர் எழுதியது:

உங்கள் மருமகனின் கேள்வி நியாயமானது. அதற்கு அவன் தேர்ந்தெடுத்திருக்கும் வழிதான் தவறானது. நான் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் கற்பிப்பவன் என்பதால், கணக்கின் வழியாகவே இதைக் காட்ட விரும்புகின்றேன். அவனும் இதை வாசிப்பான் என்று நம்புகின்றேன்.

ஐக்கிய அமெரிக்காவின் புவியியல் அளவைத் திணைக்களம் 2006 இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு கைத்தொலைபேசியில் சராசரியாக 16 கிராம் செம்பும், 0.35 கிராம் வெள்ளியும், 0.034 கிராம் தங்கமும், 0.015 கிராம் பலேடியமும் இருந்தன. தாதோடு ஒப்பிட்டால் இது பெரிய செல்வம்தான். ஒரு தொன் தாதில் சில கிராம் தங்கம் இருந்தாலே சுரங்கம் தோண்டுகின்றார்கள், ஒரு தொன் கைத்தொலைபேசியிலோ ஏறத்தாழ 300 கிராம் கிடைக்கின்றது. ஆனால் நம்மிடம் இருப்பது தொன் கணக்கு அன்று. ஒரு பவுண், அதாவது 8 கிராம் தங்கம் சேர வேண்டுமானால், ஒரு துளியும் வீணாகாமல் பிரித்தெடுத்தாலும் 235 கைத்தொலைபேசிகள் தேவைப்படும். ரேம் அட்டையின் விளிம்பில் மின்னும் பற்களைப் பார்த்து மயங்க வேண்டாம். அங்குள்ள தங்கப்பூச்சின் தடிப்பு 0.75 மைக்ரோமீற்றர் என்று தாராளமாக எடுத்துக்கொண்டாலும், ஒரு சதுர சென்ரிமீற்றரில் 1.45 மில்லிகிராம்தான் இருக்கும். ஓர் அட்டையின் இரு பக்கப் பற்களையும் சேர்த்து 6 சதுர சென்ரிமீற்றர் என்றால், அதில் 9 மில்லிகிராமுக்கும் சற்றுக் குறைவு. ஒரு பவுணுக்கு 900 அட்டைகளுக்கு மேல் வேண்டும். போர்ட்டின் பரப்பில் மெல்லிய மஞ்சளாகத் தெரியும் ஏனைய பூச்சுகள் பெரும்பாலும் 0.1 மைக்ரோமீற்றரையும் எட்டுவதில்லை.

இனி அமிலத்துக்கு வருவோம். மேலே தந்த எண்களிலேயே விடை ஒளிந்திருக்கின்றது. 0.034 கிராம் தங்கத்தோடு 16 கிராம் செம்பு இருக்கின்றது என்றால், ஒரு கிராம் தங்கத்தைத் தேடிச் செல்பவர் 470 கிராம் செம்பைக் கடந்தாக வேண்டும். தங்கம் நைத்திரிக் அமிலத்தில் தனியாகக் கரையாது, ஐதரோக்குளோரிக் அமிலத்திலும் தனியாகக் கரையாது. இரண்டும் சேர்ந்த இராஜ திராவகத்தில்தான் கரையும். ஆதலால் காணொளிகளில் முதலில் நைத்திரிக் அமிலத்தை ஊற்றிச் செம்பு முதலிய மலிவான உலோகங்களைக் கரைத்து அகற்றுகின்றார்கள். 470 கிராம் செம்பு செறிந்த நைத்திரிக் அமிலத்தோடு முழுமையாகத் தாக்கம் புரிந்தால் ஏறத்தாழ 2 லீற்றர் அமிலம் செலவாகும், 350 லீற்றருக்கும் அதிகமான நைதரசன் ஈரொட்சைட்டு வெளிப்படும். 10 அடிக்கு 12 அடி அளவுள்ள லயத்து அறையொன்றில் அது கலந்தால், காற்றின் பத்து இலட்சம் பங்கில் அதன் பங்கு 10,000 ஐத் தாண்டிவிடும். பத்து இலட்சத்தில் 13 பங்கு இருந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து என்று தொழிற்பாதுகாப்பு வரையறைகள் எச்சரிக்கும் வாயு அது. காற்றை விடக் கனமானது என்பதால் பனிமூட்டமுள்ள காலைப் பொழுதில் மேலெழுந்து செல்லாமல் வாசற்படியிலும் வடிகாலான கானிலும் தங்கி நிற்கும். பின்புறத்தில் செய்தால் வாயு போய்விடும் என்று அவன் எண்ணியிருப்பான், அடுத்தடுத்துப் பத்துக் குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வாழும் இடத்தில் அது எங்கே போகும்?

போர்ட்டில் உள்ள வெள்ளீயம் இன்னொரு தொல்லை. நைத்திரிக் அமிலத்தில் அது கரையாமல் கூழ் போன்ற வெண்ணிற வீழ்படிவாக மாறி, வடிதாளை அடைத்து, தங்கத் துகள்களையும் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். காணொளியில் இந்தப் பகுதியை வெட்டிவிடுவார்கள். புதிதாகச் செய்பவர்களுடைய தங்கம் பெரும்பாலும் இங்கேதான் தொலைகின்றது.

ஐதரோக்குளோரிக் அமிலத்தோடு ஐதரசன் பேரொட்சைட்டைச் சேர்த்து, பற்களின் அடியிலுள்ள செம்பை மட்டும் மெல்லக் கரைத்துத் தங்கத்தகடுகளை மிதக்க விடும் முறையும் உண்டு. அது ஒப்பீட்டளவில் அமைதியானது. எனினும் முடிவில் பச்சை நிறக் கரைசல் வாளி வாளியாக எஞ்சும். அதில் செம்பும் நிக்கலும், பழைய போர்ட்டாக இருந்தால் ஈயமும் இருக்கும். லீற்றருக்கு ஒரு மில்லிகிராமிலும் குறைந்த கரைந்த செம்பே மீன்களைக் கொல்லப் போதுமானது. நோர்வூட்டில் லயத்துக் கானில் ஊற்றியது கெசல்கமு ஓயாவில் சேர்ந்து, காசல்றீ நீர்த்தேக்கத்துக்குச் சென்று, பின்னர் களனி கங்கையாகிக் கொழும்பு மக்களின் குடிநீர் எடுக்கப்படும் அம்பத்தளையைத் தாண்டியே கடலுக்குச் செல்கின்றது. அதற்கும் முன்னால், கானுக்குக் கீழே உள்ள பீலியில் குளிப்பவர்கள் உங்கள் உறவினர்களே.

கண்டி தரம்பிரிப்பாளர் எழுதியது:

ஆசிரியர் எழுதியதை வரிக்கு வரி ஏற்றுக்கொள்கின்றேன். கொழும்புக்கு அருகில் உரிமம் பெற்ற மின்னணுக் கழிவு சேகரிப்பு நிலையம் ஒன்றில் ஆறு ஆண்டுகள் போர்ட்டுகளைத் தரம் பிரித்தவன் என்ற முறையில், உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுதுகின்றேன்.

கொழுந்து உவமையை உங்கள் மருமகன் சரியாகவே எடுத்திருக்கின்றான், அதை இன்னும் ஒரு படி கொண்டு சென்றால் விடை கிடைத்துவிடும். தேயிலைக்கு விலை கூடுவது தொழிற்சாலையில் சலித்துத் தரம் பிரிக்கும் அறையில். இங்கும் அப்படித்தான். கலந்த சாக்குக்கு வியாபாரி விலை பேசும்போது, அதிலுள்ள மிக மலிவான பொருளின் விலையையே முழுச் சாக்குக்கும் பேசுவார். தொலைக்காட்சி போர்ட்டும் சார்ஜர் போர்ட்டும் பெரும்பாலும் கடதாசிப் பிசின் பலகையும் மின்மாற்றிகளுமே, அவற்றில் தங்கம் இல்லையென்றே சொல்லலாம். கைத்தொலைபேசி போர்ட்டோ நிறைக்கு நிறை மிகச் செறிவானது. இரண்டையும் ஒரே சாக்கில் போட்ட கணத்திலேயே நீங்கள் உங்கள் தங்கத்தை இலவசமாகக் கொடுத்துவிட்டீர்கள்.

முதலில் மின்கலங்களை எல்லாவற்றிலிருந்தும் கழற்றி அகற்றுங்கள். வீங்கிய லித்தியம் மின்கலங்களை மணல் போட்ட உலோகப் பாத்திரத்தில், எரியக்கூடிய பொருள்களிலிருந்து விலக்கி வையுங்கள். மற்றவற்றைப் பிரிக்கும்போது பீங்கான் உடலும் பொன்னிற மூடியும் கொண்ட 1980களினதும் 1990களினதும் செயலிகளைத் தனியே வையுங்கள். 486 வகையும் பென்டியம் புரோவும் கிடைத்தால் அவற்றை எண்ணி விற்க வேண்டுமே தவிர நிறுத்து விற்கக் கூடாது. ரேம் அட்டைகளும் கைத்தொலைபேசி போர்ட்டுகளும் ஒவ்வொன்றும் தனித் தரம். மதர்போர்ட்டுகளில் உள்ள அலுமினிய வெப்பத்தட்டுகளையும் இரும்புத் தகடுகளையும் கழற்றிவிடுங்கள். செம்பு உலையில் அலுமினியம் கசடோடு போய்விடும் என்பதால் வாங்குபவர் அதற்காக விலையைக் குறைப்பார், நீங்களோ அதை உள்ளூர்ப் பழைய இரும்புக் கடையிலேயே விற்கலாம். ஆனால் பற்களை வெட்டியெடுத்துவிட்டு மீதி அட்டையை விற்க முயலாதீர்கள். வெட்டிய அட்டையைக் கண்டதும் தரத்தைக் கீழே இறக்கிவிடுவார்கள்.

பிரித்தெடுத்த போர்ட்டுகள் இறுதியில் நாட்டுக்கு வெளியே உள்ள பெரிய உருக்காலைகளுக்கே செல்கின்றன. பெல்ஜியத்தின் ஹோபோகனில் உமிகோர் நிறுவனமும், சுவீடனின் ரொன்ஷாரில் பொலிடன் நிறுவனமும் இந்த வேலையைச் செய்பவை. அங்கே போர்ட்டுகள் உருகிய செம்போடு சேர்க்கப்படுகின்றன. தங்கமும் வெள்ளியும் பலேடியமும் செம்பிலேயே கரைந்து ஒன்றுதிரண்டுவிடும், பிளாஸ்டிக் எரிபொருளாகிவிடும். பிறகு அந்தச் செம்பை மின்பகுப்பினால் தூய்மையாக்கும்போது, விலையுயர்ந்த உலோகங்கள் நேர்மின்வாயான அனோட்டின் அடியில் சேறாகப் படியும். அந்தச் சேற்றிலிருந்துதான் தங்கம் எடுக்கப்படுகின்றது. பட்டறைத் தூசியை வாரி அரித்துப் பொன் எடுத்த அரிப்புக்காரர்கள் கொழும்பின் நகைக்கடை வீதியான செட்டியார் தெருவில் இருந்தார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கின்றேன். இதுவும் அதே அரிப்புத்தான், பிளாஸ்டிக் எரியும்போது உண்டாகும் டயொக்சின் என்ற நச்சுப்பொருள் மீண்டும் உருவாகாதபடி புகையை விரைவாகக் குளிரவைத்து வடிகட்டும் ஏற்பாடு கூடவே இருப்பதுதான் வேறுபாடு. அந்த ஏற்பாடு இல்லாமல் திறந்தவெளியில் எரித்த சீனாவின் குய்யூ நகரில் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் மிகுந்திருந்ததை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன.

சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள். 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2008 இல் வெளியிடப்பட்ட ஒழுங்குவிதிகளின்படி மின்னணுக் கழிவு அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவாகும். அதைச் சேகரிக்கவும், கொண்டு செல்லவும், களஞ்சியப்படுத்தவும், அதிலிருந்து உலோகம் மீட்கவும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் உரிமம் வேண்டும். உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை அதிகாரசபையே வெளியிடுகின்றது. லொறிக்காரரிடம் முதலில் அந்த உரிமத்தைக் கேளுங்கள். ஆபத்தான கழிவுகள் நாடு விட்டு நாடு செல்வதைக் கட்டுப்படுத்தும் பாசல் சமவாயத்தின் திருத்தம் 2025 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்திருப்பதால், ஆபத்தானது, ஆபத்தற்றது என்ற வேறுபாடின்றி எல்லா மின்னணுக் கழிவும் பெறும் நாட்டின் முன்சம்மதத்தோடுதான் எல்லை கடக்க முடியும். முறையான நிறுவனத்துக்கு ஆவணம் சுத்தமாக உள்ள சரக்கு முன்னெப்போதையும் விட இப்போது தேவைப்படுகின்றது.

என் ஆலோசனை, தனியாக விற்காதீர்கள் என்பதே. தலவாக்கலை, நுவரெலியா, கினிகத்தேனைக் கடைக்காரர்கள் நால்வரோடு பேசி, விற்கும் நாளில் ஒவ்வொருவரும் தத்தம் கடையில் தரம் பிரித்து வைத்திருப்பதைச் சேர்த்து விலை கேட்டால், வாங்குபவர் ஹட்டனுக்கு வரும் செலவும் குறையும், உங்கள் சொல்லுக்கும் மதிப்பிருக்கும். ஒவ்வொரு தரத்தின் நிறையையும் உங்கள் தராசில் நிறுத்து எழுதி, படமும் எடுத்து வையுங்கள்.

மஸ்கெலியா மின்னியலாளர் எழுதியது:

தங்கத்தைப் பற்றியே எல்லோரும் எழுதுவதால், நம் மலைநாட்டில் கேட்பாரற்றுக் கிடக்கும் வெள்ளியைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. தேயிலைத் தொழிற்சாலைகளில் 30 ஆண்டுகள் மின்னியலாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். வாட்டும் தொட்டிகளின் விசிறிகளுக்கும், உருளை இயந்திரங்களுக்கும், உலர்த்திகளுக்கும் ஸ்டார்ட்டர் பெட்டிகள் உண்டு. அவற்றில் உள்ள கொன்டாக்டர்களின் தொடுமுனைகள் வெள்ளிக் கலவையால் ஆனவை. ஓயாமல் மின்னோட்டத்தை இணைத்தும் துண்டித்தும் முனை கருகித் தேய்ந்ததும் முழு கொன்டாக்டரையும் கழற்றி எறிவோம். செம்புக் கம்பியை உருவிக்கொண்டு மீதியைப் பழைய இரும்போடு போட்டுவிடுவதே வழக்கம். ஒரு பெரிய கொன்டாக்டரின் முனைகளில் உள்ள வெள்ளியோடு ஒப்பிட்டால் கைத்தொலைபேசியில் உள்ளது ஒன்றுமேயில்லை.

இதிலும் ஓர் அபாயம் இருக்கின்றது, அதைச் சொல்வதற்காகவே எழுதுகின்றேன். பழைய முனைகளில் பெரும்பாலானவை வெள்ளியோடு 10 முதல் 15 வீதம் வரை, கட்மியம் என்ற நச்சு உலோகத்தின் ஒட்சைட்டுச் சேர்த்துச் செய்யப்பட்டவை. பொறியினால் முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக அப்படிச் செய்தார்கள். பல ஆண்டுகளுக்கு முன்னர் இப்படிச் சேர்த்த ஒரு டின் முனைகளை, எனக்குத் தெரிந்த நகைவேலை செய்பவர் ஒருவரிடம் உருக்கித் தரும்படி கொடுத்தேன். கரி உலையில் உருக்கிய அன்று மாலையே அவருக்குக் காய்ச்சலும் நெஞ்சிறுக்கமும் வந்து, பல நாள்கள் வேலைக்கு எழ முடியாமல் கிடந்தார். வெள்ளி உருகுவது 962 பாகை செல்சியசில், கட்மியம் 767 பாகையிலேயே ஆவியாகிவிடும். கரியில் ஒட்சைட்டு உலோகமாக மாறி, வெள்ளி உருகுவதற்கு முன்பே அவர் அதைச் சுவாசித்திருக்கின்றார் என்பதை நான் பின்னர்தான் படித்து அறிந்தேன். நான் கொடுத்த டின்னினால் வந்த நோய் அது என்பது இன்றும் என்னை வருத்துகின்றது. ஆகவே தம்பி, தொழிற்சாலைகளிலிருந்து கொன்டாக்டர்கள் கிடைத்தால் முனைகளைக் குளிர்ந்த நிலையிலேயே உளியால் தட்டி எடுத்து, உருக்காமல், உரசாமல், கட்மியம் இருக்கக்கூடும் என்று வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்லித் தனித் தரமாக விற்றுவிடுங்கள்.

நுவரெலியா தாதி எழுதியது:

மின்னியலாளர் ஐயா குறிப்பிட்ட கட்மியப் புகையைப் போன்றதே நைதரசன் ஈரொட்சைட்டின் இயல்பும். அதைச் சுவாசித்தவருக்கு முதலில் சிறிது இருமலும் தொண்டை எரிச்சலும் மட்டுமே இருக்கும், சற்று நேரத்தில் அவையும் தணிந்து, தேறிவிட்டதாகவே தோன்றும். சில மணி நேரத்துக்குப் பிறகு, சில வேளைகளில் ஒரு நாள் கழித்தும், நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத்திணறல் தொடங்கும். பின்னிரவில், வாகனம் கிடைக்காத தோட்டத்தில் அது தொடங்கினால் என்னவாகும் என்பதை நினைத்துப் பாருங்கள், அண்ணா. கபில நிறப் புகையைச் சுவாசித்த எவரும், சுகமாக இருப்பதாக உணர்ந்தாலும், உடனே வைத்தியசாலைக்குச் சென்று எதைச் சுவாசித்தோம் என்று சொல்ல வேண்டும்.

பதுளை மாணவி எழுதியது:

ஆசிரியர் சேரிடம் ஒரு கேள்வி. தேயிலையில் உள்ள பொலிபீனோல்கள் தங்கக் கரைசலைத் தங்கமாகத் தாழ்த்தும் என்று வாசித்தேன். தொழிற்சாலைகளில் மிஞ்சும் கழிவுத்தேயிலையைக் கொண்டு அமிலமே இல்லாமல் போர்ட்டிலிருந்து தங்கம் எடுக்க முடியாதா?

பண்டாரவளை ஆசிரியர் எழுதியது:

நல்ல கேள்வி மகள். தேயிலைச் சாற்றைத் தங்கக் குளோரைட்டுக் கரைசலில் சேர்த்தால், தங்கம் மிக நுண்ணிய துகள்களாகி, கரைசல் மாணிக்கச் சிவப்பாகவோ ஊதாவாகவோ மாறுவது உண்மைதான். ஆயினும் அது கரைந்த தங்கத்தை மீண்டும் உலோகமாக்கும் கட்டம் மட்டுமே. போர்ட்டில் உலோகமாக இருக்கும் தங்கத்தை முதலில் கரைத்தாக வேண்டும், அந்த வேலையைத் தேயிலை செய்யாது. 2024 இல் சூரிக் நகரின் ஈடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாற்கட்டி செய்யும்போது எஞ்சும் மோர்நீரின் புரதத்திலிருந்து ஒரு பஞ்சைச் செய்து, 20 மதர்போர்ட்டுகளின் உலோகக் கரைசலிலிருந்து 450 மில்லிகிராம் நிறையுள்ள, 22 கரட் மாற்றுள்ள தங்கக் கட்டியைப் பெற்றார்கள். மற்ற உலோகங்களை விடத் தங்க அயன்களை அந்தப் பஞ்சு மிகுதியாகப் பற்றிக்கொள்வதே அதன் சிறப்பு. அங்கும் போர்ட்டின் உலோகங்களை அமிலத்தில் கரைத்த பின்னரே பஞ்சுக்கு வேலை வந்தது. தங்கத்தைப் பிடிக்கும் கட்டத்தில் கழிவுத்தேயிலையை ஆராய்வதற்கு நம் மலைநாட்டை விடப் பொருத்தமான இடம் இல்லை. பல்கலைக்கழகத்துக்குச் சென்றதும், வாயுவை உறிஞ்சும் அடைப்புள்ள ஆய்வுகூடத்தில், இதையே உன் ஆய்வாக எடுத்துக்கொள். ஹட்டன் நண்பரே, உங்கள் மருமகனும் 20 போர்ட்டுகளுக்கு 450 மில்லிகிராம் என்ற கணக்கைக் குறித்துக்கொள்ளட்டும். நன்கு பயிற்சி பெற்றவர்கள், சிறந்த கருவிகளோடு, ஒரு போர்ட்டிலிருந்து பெற்றது 22.5 மில்லிகிராம்தான்.

ஹட்டன் திருத்துநர் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மருமகனை அருகில் இருத்தி, எல்லாப் பதில்களையும் இருவருமாக வாசித்தோம். 470 கிராம் செம்புக்கு எவ்வளவு வாயு வரும் என்ற கணக்கை அவன் தானே தாளில் போட்டுப் பார்த்தான், ஆசிரியரின் விடையே வந்தது. அதன் பின் அமிலத்துக்குப் பணம் கேட்கவில்லை.

கடந்த மூன்று நாள்களாக இருவரும் கையுறையும் முகக்கவசமும் அணிந்து பைகளைக் கொட்டித் தரம் பிரிக்கின்றோம். 9 பைகளில் 5 பைகள் தொலைக்காட்சி போர்ட்டுகளும் சார்ஜர்களுமே என்று கண்டபோது, இதுவரை எந்த விலைக்கு எதைக் கொடுத்து வந்தேன் என்பது விளங்கியது. கைத்தொலைபேசி போர்ட்டுகள் மட்டும் 11 கிலோகிராம் தேறின. பீங்கான் செயலிகள் மூன்று கிடைத்தன, அவற்றில் பொறித்திருக்கும் இலக்கங்களைத் தேடிக் குறிக்கும் வேலையை மருமகன் ஏற்றிருக்கின்றான். தலவாக்கலையில் இருவரும் கினிகத்தேனையில் ஒருவரும் தங்கள் கடைச் சரக்கையும் பிரித்துச் சேர்த்து விற்க இணங்கியிருக்கின்றார்கள்.

மின்னியலாளர் ஐயாவிடம் ஒரு சந்தேகம் மட்டும் மீதமிருக்கின்றது. கட்மியம் கலந்த முனையையும், கட்மியத்துக்குப் பதிலாக வெள்ளீய ஒட்சைட்டுக் கலந்து வரும் புதிய முனையையும் கண்ணால் பார்த்தே பிரித்தறிய முடியுமா, அல்லது கொன்டாக்டரின் பெயர்த்தகட்டில் உள்ள மாதிரி இலக்கத்தைக் கொண்டுதான் அறிய வேண்டுமா? அதனை அறியும்வரை எல்லா முனைகளையும் கட்மியம் உள்ளவையாகவே கருதி, மூடியுள்ள டின்னில் தனியே வைத்திருக்கின்றோம்.